காலிக் கட்டத்தில் என் மகள்

சினிமாவுக்கு முகம் தேடிக் கொடுப்பது என் தொழில். ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழில்.

கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய தாய்மார்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் படித்தால் "இதுக்கா இவ்வளவு பயம்" என்பார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். என் மகள் ஹன்னா தூங்கிய பிறகு, அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே மறு கையால் இதை ஃபோனில் அடிக்கிறேன். அவளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. நாங்கள் ஆள் தேடிக்கொண்டிருக்கும் படத்துக்கு டைரக்டர் கேட்டது அவள் முகத்தை.

படத்துக்குப் பெயர் வைக்கவில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் சில தலைமுறை தள்ளி, தண்ணீர் தீர்ந்துபோன ஒரு நகரம். பிறக்கிற குழந்தையை ஒரு துறை வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். பதிலுக்கு அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் அட்டை கொடுக்கும். அந்தத் துறையின் தலைமை அதிகாரியாக நடிப்பவர் ஒரு பெரிய நடிகை. பெயர் சொல்ல மாட்டேன். மேடம் என்றே சொல்கிறேன், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

குடம் வைத்த கூட்டம்

முதலில் கூட்டம் வேண்டும் என்றார் டைரக்டர். தாகத்தில் காய்ந்த முகங்கள், ஆணும் பெண்ணுமாக. பொம்மசந்திராவில் என் கணவர் ஜெரி வேலை செய்யும் ஃபேக்டரிக்குப் பக்கத்துக் குடியிருப்புகளில் சொல்லி வைத்தேன். தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே தங்கியிருப்பவர்கள் ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்தார்கள். பிரேசர் டவுனில் எங்கள் ஆபீஸ் ஒரு பழைய பங்களா. அதன் முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தோம். என்னோடு வேலை செய்யும் வினய் கேமராவைப் பிடித்துக்கொண்டு, "டேங்கர் வருது, எல்லாரும் தவிக்கணும், ஆக்‌ஷன்!" என்று கத்தினான்.

யாரும் தவிக்கவில்லை. குடத்தை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு, அவரவர் குடத்துக்கு எதிரே நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் ஃபோன் பார்த்தார். ஒருத்தி மட்டும் நடுவில் நுழைந்த குடத்தைக் காலால் தள்ளிப் பின்னுக்கு அனுப்பினாள். அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. வினய் கட் சொல்லிவிட்டு, அம்மா, இது எதிர்காலம், தண்ணியே இல்லாத காலம், கொஞ்சம் நடிங்க என்று கெஞ்சினான். குடம் தள்ளிய பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நடிக்கிறதுன்னா எப்படி மேடம், வேற மாதிரி நிக்கணுமா?"

வலது பக்கம் திரும்புங்க

மேடம் கைக்குழந்தையாகத் திரைக்கு வந்தவர். யாரோ ஒரு கதாநாயகியின் இடுப்பில் வீறிட்டு அழும் குழந்தை அவர்தான். பிறகு கதாநாயகிகளின் சின்ன வயது வேடங்கள். பாவாடை தாவணி வயதில் அவரே கதாநாயகி. விருதுகள் வந்தன. அதன் பிறகு ஒரே தாவலில் அம்மா. தன்னைவிட வயதில் மூத்த நாயகர்களுக்கெல்லாம் அம்மா. மகனைப் போலீஸ் கொண்டுபோகும், மகளைப் புகுந்த வீடு கொண்டுபோகும், இவர் வாசலில் நின்று அழுவார், அதற்கும் விருது வரும். எங்கள் கான்வென்ட்டில் சினிமா பேச்செடுத்தாலே சிஸ்டர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இவர் படம் டிவியில் வந்த மறுநாள் அவர்களுக்கும் கண் சிவந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் ஆபீசுக்கு வந்த அன்று வினய்க்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. வழக்கமாக வருகிற பிள்ளைகளிடம் சொல்வதையே கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒப்பித்துவிட்டான். பெயர் சொல்லுங்க, வலது பக்கம் திரும்புங்க, இடது பக்கம் திரும்புங்க, கையைக் காட்டுங்க, எத்தனை நாள் அனுபவம்? மேடம் கோபப்படவில்லை. பெயரைச் சொன்னார், திரும்பினார், கையை விரித்துக் காட்டினார், கடைசிக் கேள்விக்கும் கேமராவைப் பார்த்துப் பணிவாகப் பதில் சொன்னார்: "கைக்குழந்தையா இருந்ததிலேருந்து நடிக்கிறேன் சார், அதுக்கு முன்னாடி சும்மாதான் இருந்தேன்."

யாருக்கு வசனம்

மேடம் கதை கேட்டு முடித்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. டைரக்டர் அறையை விட்டுப் போனதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இத்தனை வருஷம் ஜனங்க உங்களை அம்மாவா பார்த்திருக்காங்க மேடம். இப்ப பிள்ளை பிடிக்கிற ஆபீசரா வந்தா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தார். "பறிகொடுக்கிறவளுக்கு அழுகை மட்டும்தாம்மா குடுப்பாங்க. பறிச்சிட்டுப் போறவளுக்குத்தான் வசனம்."

டம்மி முகம்

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் சுவரில் ஒரு பெரிய போர்டு வைப்போம். கதாபாத்திரத்துக்கு ஒரு கட்டம். முகம் கிடைத்ததும் படத்தை ஒட்டுவோம். கிடைக்காத கட்டம் காலியாக இருந்தால் டைரக்டர்களுக்கு எரிச்சல் வரும், அதனால் அதுவரைக்கும் எங்கள் வீட்டு முகங்களையே ஒட்டி வைப்போம். டம்மி முகம் என்று அதற்குப் பெயர். வினயின் சித்தப்பா பாதி படங்களில் ஊழல் மந்திரி. நான் ஒரு படத்தில் மூன்று மாதம் விதவையாகச் சுவரில் தொங்கினேன், ஜெரி வந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தப் படத்தில் கடைசிவரை காலியாக இருந்தது குழந்தையின் கட்டம். அதிகாரி எடுத்துக்கொண்டு போகிற குழந்தை. மேடத்தோடு ஒரே ஒரு காட்சி. நான் இல்லாத நேரத்தில் வினய் என் வாட்ஸ்அப்பிலிருந்து ஹன்னாவின் படத்தை எடுத்து அதில் ஒட்டிவிட்டான். அவன் மேல் தப்பு சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். காலையில் நான் உள்ளே நுழையும்போது டைரக்டர் போர்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இதுதான். இந்தக் கண்ணு. இது போனா ஜனங்க தாங்க மாட்டாங்க" என்றார். சார், அது டம்மி, என் மகள் என்றேன். அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சே ஷீலா, தேடற வேலையே மிச்சம்!"

சம்பளம் இல்லாத வேலை

கான்வென்ட்டில் எங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்க, நன்றி சொல்ல, கதவைச் சத்தமில்லாமல் சாத்த. முடியாது என்று சொல்ல மட்டும் பாடம் நடத்தவில்லை. யோசிச்சு சொல்றேன் சார் என்று சொல்லிவிட்டு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். ஏற்கெனவே எனக்குப் பயம் ஜாஸ்தி. ஃபேன் கழன்று விழுமோ, திராட்சை தொண்டையில் சிக்குமோ, பகலில் ஹன்னாவைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு ஆன்ட்டி கதவைத் தாழ் போட மறப்பாரோ. அந்தப் பயங்களுக்கெல்லாம் ஒரு எல்லை உண்டு, வீட்டுச் சுவரோடு முடியும். திரை அப்படி இல்லையே. ஒரு தடவை போன முகம் எங்கெங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஜெரிக்குச் சந்தோஷம். வேலையிலிருந்து வந்த சட்டையைக்கூட மாற்றாமல் ஹன்னாவைத் தூக்கிச் சுற்றினான். மேடத்தின் கையில் நம்ம பாப்பா, சர்ச்சில் எல்லோரும் என்ன சொல்வார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தான். டைரக்டரிடம் முடியாது என்று சொன்னால் என் வேலை போகும் என்பதும் அவன் மனசில் இருந்திருக்கும், அதை அவன் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு பயமாக எடுத்து வைத்தேன். விளக்குச் சூடு, புகை, கூட்டத்துச் சளி, தெரியாத கைகள். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "உனக்கு பயப்படறதே ஒரு வேலையாயிடுச்சு ஷீலா, சம்பளம்தான் வர மாட்டேங்குது."

அழாத குழந்தை

ஒரு கேமரா டெஸ்ட், அவ்வளவுதான் என்றார்கள். புகை இல்லை, கூட்டம் இல்லை, ஒரு அறை, ஒரு ஜன்னல். கொண்டுபோனேன். ஹன்னாவை உட்கார வைத்து, நிற்க வைத்து, நாலு பக்கமும் விளக்கு மாற்றி மாற்றி எடுத்தார்கள். பிறகு காட்சி. குழந்தையின் அம்மாவாக நடிப்பவள் வரவில்லை, டம்மியாக நானே நின்றேன். மேடம் சாம்பல் நிறச் சீருடையில் வந்தார். தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தார். கண்ணில் ஒன்றுமே இல்லை. எத்தனையோ படங்களில் என்னை அழவைத்த அந்தக் கண்தானா இது என்று பார்த்தேன். கையை நீட்டினார். என் கை தானாக இறுகியது. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஹன்னாவை எடுத்துக்கொண்டு போனார்.

ஹன்னா அழவில்லை. அவர் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பிடித்து வாயில் வைத்தாள், பிறகு சிரித்தாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி சிரித்தாள். என்னைக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளச் சொன்னார்கள். அப்போதும் அழவில்லை. டைரக்டர் வாட்சைப் பார்த்தார். பால் குடிக்கிற நேரம் எப்போது, அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் என்ன என்று என்னிடம்தான் கேட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, டீ சொல்கிற குரலில். மேடம் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே, "இன்னிக்கு எனக்கு முடியல, போதும்" என்று சொல்லிவிட்டு மேக்கப் அறைக்கு நடந்தார்.

பின்னாலேயே ஓடினேன். ஹன்னாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். தன் முதல் படத்தில், கதாநாயகியின் இடுப்பில் வீறிட்டு அழுதாரே, அதைப் பற்றி. அன்று அவரும் அழவில்லையாம். போர்த்தியிருந்த துணிக்குள்ளே ஒரு கை வந்து தொடையைக் கிள்ளியதாம். கைக்குழந்தைக்கு அது எப்படி நினைவிருக்கும் என்று நான் யோசிப்பதை அவர் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டார். "எனக்கு ஞாபகம் இல்ல. அந்த அழுகையைத்தான் ஒவ்வொரு விருது மேடையிலயும் முதல்ல போட்டுக் காட்டுவாங்க. பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்த எங்கம்மா ஒரு தடவை பெருமையா சொன்னாங்க, 'நான்தான் கிள்ளினேன்'னு."

முகம் வந்தாச்சு

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டேன். முடியாது சார், மகளைக் கொண்டுவர மாட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. வேலை போனாலும் பரவாயில்லை என்று வீட்டிலேயே அழுது முடித்துவிட்டுத்தான் போனேன். டைரக்டர் கோபப்படவே இல்லை, சரி ஷீலா என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். என் மேசைக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது வினய் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நல்ல பிள்ளை, எனக்குச் சந்தோஷமான சேதி சொல்வதாகவே நினைத்தான். "டென்ஷனை விடுங்க அக்கா. பாப்பா இனிமே வரவே வேண்டாம். டெஸ்ட்ல நாலு பக்கமும் எடுத்தோமில்ல, அதுவே போதும். மேடம் கையில ஒரு பொம்மை இருக்கும், பாப்பா முகத்தை கம்ப்யூட்டர்ல அதுமேல வெச்சிடுவாங்க."

சொல்லிவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். ஹன்னா அழுதுகொண்டிருந்தாள். என் மகளுக்குப் பல வகை அழுகை உண்டு, பசி, தூக்கம், பொம்மை கட்டிலுக்கடியில் போன கோபம், எல்லாம் எனக்குத் தெரியும். இது அதில் எதுவும் இல்லை. வாய் கோணி, கண் மேலே செருகி, யாருமே வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்ட குழந்தையின் அழுகை. சத்தம் இன்னும் சேர்க்கவில்லை. இருந்தும் எனக்குப் பால் சுரந்து குர்த்தா நனைந்துவிட்டது. தாய்மார்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்: அவள் கீழ்வீட்டு ஆன்ட்டி மடியில் பத்திரமாகத் தூங்குகிறாள் என்று மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வினய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தீங்களா அக்கா, பாப்பா நிஜத்துல இவ்ளோ நல்லா அழவே இல்ல."

ஒரு ஃபோன்

மேடம் உடை அளவு பார்க்க வந்திருந்தார். தையல்காரர் கையில் ஊசியோடு சுற்றிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன். எழுதி வைத்த பேச்சையெல்லாம் மறந்துவிட்டேன். "அவ முகத்தை எடுத்து அழ வெச்சிருக்காங்க மேடம்" என்று மட்டும் வந்தது. அவர் கையை உயர்த்திய நிலையிலேயே ஃபோனைக் கேட்டு வாங்கினார். டைரக்டரிடம் பேசியது கொஞ்சம்தான். அந்தக் குழந்தை முகம் இருந்தால் நான் இல்லை, பொம்மையோ தலையணையோ வேறு எதைக் கொடுத்தாலும் நடிக்கிறேன், அது மட்டும் கிடையாது. வைத்துவிட்டுத் தையல்காரரிடம் தோள்பட்டை இறுக்கமாக இருக்கிறது என்றார்.

என் கண்ணெதிரே அழித்தார்கள். ஆபீஸ் லேப்டாப்பில், எடிட்டரின் மெஷினில். வேறு எங்கும் காப்பி இல்லையே என்று கேட்டேன். இருக்காது அக்கா என்றான் வினய். இருக்காது என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில்தான் நான் இப்போது குடியிருக்கிறேன். போர்டிலிருந்து ஹன்னாவின் படத்தைக் கிழியாமல் உரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன், பின்னால் டைரக்டர் நின்றிருந்தார். தலையணை வைத்துப் படம் எடுக்க அவர் தயாராக இல்லை. அப்போதும் குரலில் கோபம் இல்லை. "நீ கேட்டபடி எடுத்தாச்சு ஷீலா. இப்ப கட்டம் காலி. நாளைக்குள்ள வேற குழந்தை பாரு, உன் வேலைதானே அது."

செலக்‌ஷன்

கைக்குழந்தை வேண்டும் என்று ஒரே ஒரு மெசேஜ்தான் போட்டேன். காலையில் கேட்டைத் தாண்டித் தெருவரைக்கும் தாய்மார்கள். இடுப்பில், தோளில், மடியில் குழந்தைகள். கன்னத்தில் கறுப்புப் பொட்டு, காலில் கொலுசு, பிறந்தநாளுக்கு எடுத்த சட்டை. ஒவ்வொருத்தியிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். குழந்தையை அழ வைப்பார்கள். அழாவிட்டால் முகத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் அழ வைப்பார்கள். அந்த முகம் அப்புறம் உங்களுடையது இல்லை, திருப்பி வாங்க முடியாது. சொல்லச் சொல்லத் தலையாட்டினார்கள். ஒருத்தியும் கிளம்பவில்லை. என்னிடம் அவர்கள் கேட்டது வேறு கேள்வி: சிரித்த மாதிரி எடுப்பீர்களா, பக்கவாட்டில் எடுப்பீர்களா?

முன்னால் நின்ற பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாளாம், அன்றைக்கு லீவ் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் மகனுக்கும் ஹன்னா வயதுதான், அதே மாதிரி கையில் கிடைத்ததை வாயில் வைத்தான். அவளைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கும் இதே வயசுல ஒரு பொண்ணு இருக்கும்மா. முதல்ல அவளைத்தான் கேட்டாங்க, அவ முகம் இந்தப் படத்துல இல்ல" என்றேன். புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவளுக்குப் புரிந்தது, கண்ணில் நிஜமான இரக்கம் வந்தது, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு என் கையைத் தொட்டாள். "செலக்ட் ஆகலையா மேடம்? வருத்தப்படாதீங்க, அடுத்த படத்துல கண்டிப்பா கிடைக்கும்."

முகம் தேடும் தொழிலில் இத்தனை நாளில் நான் கண்டது, கதையில் எவ்வளவு கொடூரமான எதிர்காலத்தை எழுதினாலும் அதற்கு ஆள் பிடிக்க நாம் அலைய வேண்டியதே இல்லை, குழந்தைக்கு நல்ல சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு விடிந்ததும் அவர்களே வந்து நின்றுவிடுகிறார்கள்.